பிரெஞ்சுப் புரட்சியும் சிற்பங்களின் அழிவும்

அரசுகள் வீழும்போது அவற்றின் சின்னங்களும் உடன் வீழ்தல் உலக வரலாற்றிற் பலமுறை நிகழ்ந்ததொன்றாகும். அரசனைச் சிறைப்பிடித்தோர் அவனுடைய உருவச்சிலையையும் விட்டுவைப்பதில்லை. பகைவரின் படையெடுப்பினால் நேரும் அழிவு ஒருவகை. ஒரு நாட்டு மக்களே தம் முன்னோர் செய்துவைத்த சிற்பங்களைத் தாமே உடைத்தொழிப்பது பிறிதொரு வகை. பின்னையது வரலாற்று மாணவனுக்கு முன்னையதிலும் கடினமான வினாக்களை எழுப்புகின்றது. பகைவன் உடைத்தான் எனின், காரணத்தை நெடிது தேடவேண்டுவதில்லை. உடைமைக்காரனே உடைத்தான் எனின், ஏன் உடைத்தான், எவர் சொல்லி உடைத்தான், அவன் கையைத் தடுத்தவர் எவரேனும் இருந்தனரா என்பனவெல்லாம் ஆராயவேண்டியனவாகின்றன.

இவ்வாராய்ச்சிக்கு 1789 ஆம் ஆண்டிலே தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சி சிறந்ததொரு களமாகும். கலைச்செல்வங்களை அழிக்கும் செயலைக் குறித்தற்கு ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இன்று வழங்கும் 'வண்டலிசம்' என்னுஞ் சொல் அப்புரட்சிக் காலத்திலே, 1794 ஆம் ஆண்டிலே, வழக்குக்கு வந்தது. கி. பி. 455 இல் உரோமாபுரியைச் சூறையாடிய வண்டலர் என்னும் இனத்தாரின் பெயரை அடியாகக்கொண்டு அச்சொல்லை வழங்கியவர் புரட்சியின் பகைவர் அல்லர். அதனை முழுமனத்தோடு ஆதரித்த ஹென்றி கிரெகுவார் என்னும் மேற்றிராணியாரே. அழிவுக்கு வருந்திய புரட்சியாளர் ஒருவரே அதற்குப் பெயரிட்டார் என்பது கருதத்தக்கது.

அவ்வழிவைப் பற்றிப் பொதுவாக நிலவும் எண்ணம், வெறிகொண்ட கும்பல் கண்டதையெல்லாம் உடைத்தது என்பதே. நிகழ்ச்சிகளை ஆண்டு முறையில் வைத்து நோக்குவார்க்கு இவ்வெண்ணம் பாதி உண்மையே என்பது புலனாகும்.

வெண்கல வேந்தர்

புரட்சிக்கு முற்பட்ட பாரிஸ் மாநகரின் பெருஞ் சதுக்கங்கள் அரசரின் உருவங்களைச் சுற்றியே அமைந்திருந்தன. செயின் நதியின் புதுப்பாலத்தருகே 1614 ஆம் ஆண்டு முதல் நான்காம் ஹென்றி குதிரைமீது வீற்றிருந்தான். வாந்தோம் சதுக்கத்திலே, ஜிரார்தோன் என்னும் சிற்பி வடித்த பதினான்காம் லூயியின் பேருருவம் 1699 இல் நிறுத்தப்பெற்றது. குதிரையும் மன்னனும் ஒரே வார்ப்பில் அமைந்த அவ்வேலைப்பாடு அக்காலத்து வார்ப்புக் கலையின் உச்சம் எனப் போற்றப்பட்டது. பதினைந்தாம் லூயியின் சிலை 1763 இல் அவன் பெயர் கொண்ட சதுக்கத்தில் எழுந்தது.

இவை அழகுக்காக மட்டும் நிறுவப்பட்டவை அல்ல. அரசன் வேர்செயில் மாளிகையில் வாழ்ந்தபோதும், அவன் அதிகாரம் நகரின் நடுவே நிற்கின்றது என்பதை நாடோறும் நினைவூட்டுவதே அவற்றின் பணி. 1686 இல் வெற்றிச் சதுக்கத்தில் நிறுவப்பட்ட பதினான்காம் லூயியின் சிலை இதற்குத் தக்க சான்றாகும். நிற்கும் மன்னனின் அடிப்பீடத்திலே, அவனிடம் தோல்வியுற்ற நாடுகளைக் குறிக்கும் கைதிகள் நால்வர் விலங்கிடப்பட்ட நிலையில் அமர்ந்திருந்தனர். வரிச்சுமையால் நலிந்த குடிமகன் ஒருவன் அவ்வழியே செல்லுங்கால், அவனுக்குச் சிற்பியின் கைத்திறன் தோன்றுமா, விலங்கு தோன்றுமா? 'கல்லைக் கண்டால் நாயைக் காணோம். நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்னும் பழமொழி இங்கு நன்கு பொருந்தும். மன்னனைக் கண்டவன் கண்ணுக்குச் சிற்பம் மறைந்தது. எனவே, உடைத்தவரை அறிவிலிகள் என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது.

இக்கைதிகளின் உருவங்களைப் பொறுத்தவரை, புரட்சியின் முதலாண்டுகளிலே நடந்தது கவனிக்கத்தக்கது. 1790 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே தேசிய சபை, மனிதரை இழிவுபடுத்தும் அவ்வுருவங்களைப் பீடத்தினின்றும் அகற்றுமாறு தீர்மானித்தது. அவை அகற்றப்பட்டன, ஆனால் உருக்கப்படவில்லை. அந்நால்வரையும் இன்றும் லூவர் நூதனசாலையிற் காணலாம். மனத்தைப் புண்படுத்துவதைப் பொதுவிடத்தினின்றும் எடுத்துவிட்டுக் கலைப்பொருளைக் காத்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு என்பதைப் புரட்சி தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. பிற்பட்ட ஈராண்டுகளில் அவ்வழியை மறந்தது.

1792 ஆகஸ்ட்

1792 ஆம் ஆண்டில் பிரான்ஸ் ஆஸ்திரியாவோடும் பிரஷ்யாவோடும் போரில் ஈடுபட்டிருந்தது. அரசன் பகைவரோடு உள்ளுறவு கொண்டுள்ளான் என்னும் ஐயம் வலுத்தது. ஆகஸ்ட் 10 ஆந் தேதி பாரிஸ் மக்களும் தேசியக் காவற்படையினரும் துயிலரி மாளிகையைத் தாக்கினர், முடியாட்சி முறிந்தது. அடுத்துவந்த சில நாட்களிற் சதுக்கங்களில் நின்ற வெண்கல வேந்தர் யாவரும் கயிறுகட்டி வீழ்த்தப்பட்டனர். மக்கள் நல்லரசன் எனப் போற்றிவந்த நான்காம் ஹென்றியும் தப்பவில்லை. அவனுருவத்தின் துண்டுகள் சில செயின் நதியினின்றும் பின்னர் எடுக்கப்பட்டன. ஜிரார்தோனின் பெருஞ்சிலையில் எஞ்சியது ஒரு பாதம்.

இந்நாட்களில் நிகழ்ந்தது மக்களின் சினமே என்பதில் ஐயமில்லை. ஆயின், அச்சினத்தைச் சட்டமாக்கியது ஆகஸ்ட் 14 ஆந் தேதிச் சபைத் தீர்மானம். செருக்கினாலும் கொடுங்கோன்மையாலும் எழுந்த சின்னங்கள் மக்கள் கண்முன் நிற்றலாகாது என்றும், வெண்கலச் சிலைகளைப் பீரங்கிகளாக வார்க்கவேண்டும் என்றும் அத்தீர்மானம் விதித்தது. அதே தீர்மானத்தின் வேறொரு பிரிவு, கலைக்குப் பயன்படக்கூடிய பொருள்களைக் காக்கும் பொறுப்பை ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்புவித்தது. ஒரே ஏடு ஒரு கையால் அழிக்கவும் மறு கையாற் காக்கவும் கட்டளையிட்டது. எது கொடுங்கோன்மையின் சின்னம், எது கலைப்பொருள் எனப் பிரித்தறியும் அளவுகோலை அது வகுக்கவில்லை. பின்வந்த குழப்பம் அனைத்துக்கும் வித்து இங்கேயே உளது.

கட்டளைப்படி நடந்த அழிவு

1793 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10, முடியாட்சி வீழ்ந்த முதலாண்டு நிறைவு. அதனைக் கொண்டாடுமுகமாகச் செய்யப்பட்ட காரியங்கள் இரண்டு. பாரிசுக்கு வடக்கே, நெடுங்காலம் பிரெஞ்சு அரசர் அடக்கஞ்செய்யப்பட்ட சென் தெனி மடாலயத்தின் கல்லறைகளை உடைக்குமாறு தேசிய மகாசபை ஆகஸ்ட் முதலாந் தேதி கட்டளையிட்டது. அவ்வேலை ஆறாந் தேதி தொடங்கி மூன்று நாட்கள் நடைபெற்றது. பத்தாந் தேதி, அரசரின் மாளிகையாயிருந்த லூவர், மக்கள் அனைவருக்கும் உரிய கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. அரசர் சேர்த்த ஓவியங்கள் மக்களின் உடைமை என்று அறிவித்த அதே வாரத்தில், அரசர் கல்லறைகளின் சிற்பங்கள் மக்களின் பகை என உடைக்கப்பட்டன. ஒக்டோபர் மாதத்தில் உடல்களும் தோண்டப்பட்டுக் குழிகளில் இடப்பட்டன. பெட்டிகளின் ஈயம் துப்பாக்கிக் குண்டுகளுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

இதனினும் சிந்தனைக்குரியது நோத்ர தாம் பேராலயத்தின் கதை. அதன் முகப்பிலே, பதின்மூன்றாம் நூற்றாண்டில் வடிக்கப்பட்ட 28 அரசரின் கற்சிலைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3.5 மீற்றர் உயரமானது. இவர்கள் பிரான்சின் அரசர் என்றே பாரிஸ் மக்கள் நெடுங்காலமாக நம்பிவந்தனர். உண்மையில் அவர்கள் விவிலியத்திற் கூறப்படும் யூதேயா நாட்டு வேந்தர். கன்னி மரியாளின் முன்னோராகச் செதுக்கப்பட்டவர். பிரெஞ்சு மக்களுக்கு யாதொரு தீங்கும் செய்யாத அவ்வேந்தர் 'அரசர்' என்னும் ஒரு பெயராலேயே குற்றவாளிகளாயினர். 1793 ஒக்டோபர் 23 ஆந் தேதி பாரிஸ் நகரசபை அவற்றை அகற்றுமாறு ஆணையிட்டது. ஆணையை நிறைவேற்றியவர் தெருவிற் கூடிய கும்பலினர் அல்லர். கூலிக்கு அமர்த்தப்பட்ட தொழிலாளர். கீழே வீழ்த்தப்பட்ட சிலைகள் உடைந்து, பேராலயத்தின் பக்கத்தே குவியலாக ஆண்டுக்கணக்கிற் கிடந்தன.

நகரசபையின் ஆணை பிறந்த மறுநாள், அதாவது ஒக்டோபர் 24 இல், தேசிய மகாசபை வேறொரு கட்டளை பிறப்பித்தது. அரசாட்சியின் அடையாளங்களை நீக்குதல் என்னும் சாட்டில், கலைக்கும் வரலாற்றுக்கும் கல்விக்கும் பயன்படும் நூல்கள், ஓவியங்கள், சிலைகள் முதலியவற்றை அழித்தலோ சிதைத்தலோ கூடாது என்று அது தடுத்தது. அவ்வாண்டு யூன் மாதத்திலேயே, யோசேப்பு லக்கனால் என்னும் உறுப்பினரின் முயற்சியால், நாட்டுடைமையான கலைச்சின்னங்களைச் சிதைப்போர்க்கு ஈராண்டு விலங்குச் சிறை என்னும் தண்டனையும் விதிக்கப்பட்டிருந்தது. சட்டம் இருந்தும் நோத்ர தாமின் அரசர் காக்கப்பட்டிலர். மத்தியிலே காக்கும் சட்டமும், நகரத்திலே அழிக்கும் ஆணையும் ஒருங்கே நிலவின. அக்காலத்து அச்சத்தில், காப்பதற்கு முன்வருவோன் அரசரின் ஆள் எனக் குற்றஞ்சாட்டப்படுதல் எளிது. அழிப்பவனுக்கோ யாதோர் இடருமில்லை.

காத்தவர்கள்

இவ்விடரை மேற்கொண்டவர் சிலர் இருந்தனர். ஸ்திராஸ்பர்க் நகரின் பேராலயத்திலே 1793 இன் இறுதியில் 200 க்கு மேற்பட்ட சிலைகள் உடைக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த தாவரவியற் பேராசிரியர் யோன் ஹெர்மான், மீட்க முடிந்த சிலைகளைத் தாவரவியற் பூங்காவின் மண்ணிற் புதைத்துவைத்தார். அப்பேராலயத்தின் கோபுரம் ஏறத்தாழ 142 மீற்றர் உயரமானது. அக்கால உலகில் அதனின் உயர்ந்த கட்டடம் இருந்ததில்லை. பிற வீடுகளுக்கு மேலோங்கி நிற்பதால் அது சமத்துவத்துக்கு மாறானது. ஆகவே இடிக்கப்படவேண்டும் என்று ஒருவர் பிரேரித்தார். நகரத்தார் வாதாடி வெல்ல முயலவில்லை. தகட்டினாற் செய்து சிவப்பு வண்ணந் தீட்டிய மாபெருந் தொப்பி ஒன்றைக் கோபுரத்தின் உச்சியில் மாட்டிவிட்டனர். சிவப்புத் தொப்பி புரட்சியின் சின்னம். ஆகவே கோபுரமும் புரட்சியாளராயிற்று, பிழைத்தது.

பாரிசில் இப்பணியைப் பெருமளவிற் செய்தவர் அலெக்சாந்தர் லெனுவார் (1761-1839) என்னும் ஓவியர். திருச்சபையின் சொத்துக்கள் நாட்டுடைமையானபோது, அவற்றைச் சேர்த்துவைப்பதற்கெனப் பழைய மடம் ஒன்று ஒதுக்கப்பட்டது. 1791 இல் அதன் காப்பாளராக லெனுவார் நியமிக்கப்பட்டார். அழிவு மிகுந்த ஆண்டுகளில் அவர் தேவாலயந்தோறும் சென்று, உடைக்கப்படவிருந்தவற்றைத் தம் களஞ்சியத்துக்கு எடுத்துவந்தார். சோர்போன் ஆலயத்திலிருந்த கர்தினால் ரிஷெலியூவின் கல்லறைச் சிற்பத்தைக் காக்கப் புகுந்து துப்பாக்கி ஈட்டியாற் காயமுற்றார் என்பர். சென் தெனியினின்றும் பன்னிரண்டாம் லூயி, முதலாம் பிரான்சுவா, இரண்டாம் ஹென்றி ஆகியோரின் அழகிய கல்லறைகள் அவராற் பிழைத்தன. 1795 இல் அக்களஞ்சியம் பிரெஞ்சுச் சின்னங்களின் நூதனசாலையாயிற்று. நூற்றாண்டு முறையில் அறைகளை வகுத்து, ஒரு நாட்டின் வரலாற்றை அதன் சிற்பங்களைக்கொண்டே அவர் விளக்கினார். அவ்வறைகளைச் சிறுவனாயிருந்தபோது கண்ட மிஷ்லே, பின்னாளிற் பிரான்சின் பெரும் வரலாற்றாசிரியரானார். வரலாற்றுணர்வு தமக்கு அங்கேயே பிறந்தது எனவும் கூறியுள்ளார்.

லெனுவாரின் செயல் குறையற்றதன்று. கல்லறையைக் கோயிலினின்றும் பெயர்த்துக் காட்சிச்சாலையில் வைத்தால் அது கல்லறையாகாது என்று கத்திரமேர் த கன்சி என்னும் அறிஞர் வன்மையாகக் கண்டித்தார். இக்கண்டனத்தில் உண்மையுண்டு. முடியாட்சி மீண்டபின், 1816 இல் அந்நூதனசாலை மூடப்பட்டது; அரசர் கல்லறைகள் சென் தெனிக்குத் திரும்பின; பிற பொருள்கள் பலவற்றுக்குத் திரும்புவதற்கு ஓர் இடமே இருக்கவில்லை. எனினும், 1793 இல் லெனுவாரின் முன்னிருந்த தெரிவு, கோயிலா காட்சிச்சாலையா என்பதன்று. காட்சிச்சாலையா சுண்ணாம்புக் காளவாயா என்பதே.

கைகளாற் காத்தவர் லெனுவார் எனின், கருத்தாற் காத்தவர் கிரெகுவார். 1794 ஆகஸ்ட், ஒக்டோபர், டிசம்பர் ஆகிய மாதங்களில் அவர் மூன்று அறிக்கைகளை மகாசபையின்முன் வைத்தார். நாடெங்கும் நேர்ந்த இழப்புக்களை அவை எடுத்துரைத்தன. அழிவுக்குக் காரணம் புரட்சியின் பகைவர் செய்த சூழ்ச்சி என்று அவர் பல இடங்களிற் பழிசுமத்தியது வரலாற்றுக்கு முற்றும் பொருந்துவதன்று. உத்தரவிட்டவர் பலர் அவருடன் ஒரே சபையில் இருந்தவரே. ஆயின், அவர் நிலைநாட்டிய கொள்கை நிலைத்தது. சிற்பம் அதிற் காணும் மன்னனுக்கு உரியதன்று. அதனைச் செய்த கலைஞனின் அறிவுக்கும், அதற்குப் பொருள்கொடுத்த மக்களின் உழைப்புக்கும் உரியது. ஆதலின் அதனை அழிப்பவன் மன்னனைத் தண்டியாது மக்களின் சொத்தையே அழிக்கின்றான் என்பது அக்கொள்கையின் சாரம். 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்று தமிழர் கூறும் முதுமொழியின் பொருளும் இதனோடு ஒத்ததே.

சினமடங்கிய பின்னர்

புரட்சியின் வேகந் தணிந்த பின்னரும் அழிவு ஓயவில்லை. பர்கண்டியிலுள்ள குளூனி மடாலயம் ஒருகாலத்திற் கிறித்தவ உலகின் மிகப் பெரிய ஆலயமாயிருந்தது. 1798 இல் அது வியாபாரிகளுக்கு விற்கப்பட்டது. அவர்கள் அதனைக் கற்குவாரியாகக் கொண்டு, வெடிவைத்தும் பெயர்த்தும், பல ஆண்டுகளாகக் கல்லை விற்றனர். எஞ்சியது ஏறக்குறைய பத்திலொரு பங்கே. இங்கே சினமுமில்லை, கொள்கையுமில்லை. இலாபம் ஒன்றே இருந்தது. கும்பலின் சினம் சில நாட்களில் அடங்கியது. அரசாங்கத்தின் கட்டளை சில ஆண்டுகள் நீடித்தது. வியாபாரியின் ஆசையோ ஒரு தலைமுறை நின்றது. அழித்தோர் வரிசையிற் கும்பலுக்கு முதலிடம் கொடுப்பது இதனாலேயே பொருந்தாததாகின்றது.

அழிவு புரட்சியாளருக்கு மட்டும் உரிய குற்றமுமன்று. பதினான்காம் லூயியின் சிலை வீழ்ந்த வாந்தோம் சதுக்கத்தில், 1805 இல் நிகழ்ந்த ஓஸ்தர்லிட்ஸ் போரிற் கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்தைக்கொண்டு, நெப்போலியன் ஒரு வெற்றித்தூணை எழுப்பினான். 1810 இல் முற்றுப்பெற்ற அத்தூணின் உச்சியிலே அவனுருவம் நின்றது. அவன் வீழ்ந்ததும் அரசகட்சியினர் அவ்வுருவத்தை இறக்கினர். 1818 இல் மீண்டும் புதுப்பாலத்தில் நிறுவப்பட்ட நான்காம் ஹென்றியின் சிலைக்கு அதனை உருக்கிச் சேர்த்தனர். ஒரு சிலையின் அழிவுக்கு ஈடுசெய்யப் புகுந்தவர் வேறொரு சிலையை அழித்தே ஈடுசெய்தனர்.

1871 இல் பாரிஸ் கொம்யூன் ஆட்சி அத்தூணையே வீழ்த்தத் துணிந்தது. அது போர்வெறியின் சின்னம் என்றும், தோற்றோரை வென்றோர் அவமதிக்கும் செயல் என்றும் ஏப்பிரில் 12 ஆந் தேதித் தீர்மானம் கூறியது. மே 16 ஆந் தேதி, வாத்தியங்கள் முழங்க, திரண்ட மக்கள் முன்னிலையில் தூண் சாய்ந்தது. கொம்யூன் அடக்கப்பட்டபின், பெயர்பெற்ற ஓவியரான குஸ்தாவ் கூர்பே இச்செயலுக்குப் பொறுப்பாளியாக்கப்பட்டார். தூணை அகற்றவேண்டும் என்று அவர் 1870 இல் யோசனை கூறியது உண்மை; ஆயின் தீர்மானம் நிறைவேறியபின்னரே அவர் கொம்யூனின் உறுப்பினரானார். திரும்பக் கட்டும் செலவாக 323,091 பிராங்கு அவர் தலையிற் சுமத்தப்பட்டது. ஆண்டுக்கு 10,000 பிராங்காக அதனைச் செலுத்தவேண்டியிருந்தது. சுவிற்சலாந்திற் புகலடைந்த கூர்பே, முதற்றவணைக்கு முதல்நாள், 1877 டிசம்பர் 31 இல் இறந்தார். தூண் முன்போலவே நிற்கின்றது. கட்டளையிட்ட சபையின் குற்றத்துக்கு ஒரு கலைஞன் தண்டனை பெற்றான். இங்கும் எய்தவன் இருக்க அம்பே நோகப்பட்டது.

மண்ணுள் இருந்த முகங்கள்

நோத்ர தாமின் அரசர் கதை 1977 இல் எதிர்பாராத முடிவு பெற்றது. பாரிசிலே வங்கி ஒன்றின் கட்டட வேலைக்காக நிலத்தை அகழ்ந்தபோது, நூற்றுக்கணக்கான சிற்பத் துண்டுகள் வெளிப்பட்டன. அவற்றுள் 21 அவ்வரசரின் தலைகள். சில முகங்களிற் பழைய வண்ணத்தின் சாயல் இன்னும் இருந்தது. 1796 இல் உடைகல்லாக விற்கப்பட்ட துண்டுகள், அவ்விடத்தில் வீடு கட்டிய ஒருவரின் அத்திவாரத்திற் சேர்ந்திருந்தன. அவர் யோன் பத்தீஸ்து லக்கனால். கலைச்சின்னங்களைச் சிதைப்போர்க்குத் தண்டனை விதிக்கச் செய்த யோசேப்பு லக்கனாலின் சகோதரர். அண்ணன் தம்பியருள் ஒருவர் குடியாட்சிக்காரர், மற்றவர் அரசபக்தர். அரசபக்தர் அத்தலைகளை மரியாதையோடு அடக்கஞ்செய்தார் என்றே ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். இன்று பேராலய முகப்பில் நிற்பவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடித்த புதுச்சிலைகள். பழைய தலைகள் பாரிசின் குளூனி நூதனசாலையில் உள்ளன.

இவ்வரலாறு உணர்த்துவன சில. கொடுங்கோலனின் சிலையைப் பொதுவிடத்தில் வைத்து வணங்கவேண்டும் என்று மக்களை எவரும் கட்டாயப்படுத்தலாகாது. அதனை அகற்றும் உரிமை அவர்க்குண்டு. அகற்றுதல் வேறு, அழித்தல் வேறு. அகற்றியதை மறுதலைமுறை மீண்டும் ஆராய்ந்து தீர்ப்பிடலாம். அழித்ததன்மேல் எவரும் மறுதீர்ப்பு வழங்க இயலாது. வெற்றிச் சதுக்கத்தின் கைதிகள் நால்வரும் இன்று லூவரில் அமர்ந்து, அவர்களை விலங்கிட்ட மன்னனுக்கு எதிராகவே சாட்சி பகர்கின்றனர். அவர்களை 1790 இல் உருக்கியிருந்தால் அச்சாட்சியும் உருகிப்போயிருக்கும்.

மேலும், குழப்பக் காலத்திற் சட்டம் மட்டுங் காவலாகாது என்பதும் தெளிவு. 1793 இல் நல்ல சட்டங்கள் இருந்தன. அவற்றை மக்கள் அறியவில்லை. அறிந்த அதிகாரிகள் அஞ்சினர். நோத்ர தாமின் முகப்பில் நிற்பவர் யார் என்பதைப் பாரிஸ் மக்களுக்கு எடுத்துக்கூறும் ஆசிரியர் ஒருவரேனும் தெருத்தோறும் இருந்திருப்பின், யூதேயா நாட்டு வேந்தர் பிரான்சின் குற்றத்துக்காகத் தலையிழந்திருக்கமாட்டார். ஒரு நகரத்தார் தம் கோயில் முகப்பையும் நாற்சந்திச் சிற்பத்தையும் இன்னது என அறிந்திருத்தல், அமைதிக் காலத்திலே செய்து முடிக்கவேண்டிய கல்வியாகும். குழப்பம் வந்தபின் அதனைப் போதிக்க நேரமிராது.